நமத்துப் போகும் ஊரில் மொறுமொறுப்பு

செமினியில் மாலை மழை பிடித்துக்கொண்டால், மதியம் பொரித்து மூடாமல் வைத்த அப்பளத்தின் கதி என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். தோல்போல் வளையும். கடித்தால் சத்தமே வராது. ‘நமத்துப் போச்சு’ என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்த அப்பளத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை, மாணவர்களே. மாறாக, ஒன்று கூடியிருக்கிறது. காற்றில் இருந்த நீர் கொஞ்சம் அதற்குள் புகுந்துவிட்டது.

அப்படியென்றால் மொறுமொறுப்பு என்பது நீர் இல்லாத நிலை. ஒரு பொருளை மொறுமொறுப்பாக்க வேண்டுமானால் அதிலுள்ள நீரை வெளியேற்ற வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் நீர் சும்மா வெளியேறாது. அதற்கு ஒரு விலை கேட்கும். அந்த விலை எவ்வளவு, அதை ஓவன் எப்படிக் கொடுக்கிறது என்பதை ஒரு மெல்லிய இறைச்சித் துண்டை வைத்து இந்த வாரம் கணக்கிட்டுப் பார்ப்போம். அந்தத் துண்டின் பெயர் பேக்கன்.

பேக்கன் என்பது முதலில் பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியை உப்பில் ஊறவைத்து, சில வேளைகளில் புகையூட்டி, மெல்லிய பட்டைகளாக அரிந்தது. நம் நாட்டுப் பேரங்காடிகளில் அது தனிப் பகுதியில் இருக்கும். ஹலால் முத்திரையுடன் கோழி, வான்கோழி, மாட்டிறைச்சி ஆகியவற்றில் செய்த பேக்கனும் குளிர்ப்பெட்டிகளில் கிடைக்கிறது. உங்களில் ஒருவர் வீட்டில் பன்றி நுழையாது, இன்னொருவர் வீட்டில் மாடு நுழையாது, மற்றொருவர் வீட்டில் இறைச்சியே நுழையாது. கவலை வேண்டாம். நீரின் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். தெம்பே துண்டுக்கும் உருளைக்கிழங்குச் சீவலுக்கும் இதே பாடம் பொருந்தும்.

வாணலியில் ஏன் சுருள்கிறது?

பச்சைப் பேக்கன் பட்டை ஒன்றை உற்றுப் பாருங்கள். வெள்ளைக் கோடுகள் கொழுப்பு. சிவப்புக் கோடுகள் தசை. சூடு ஏறும்போது தசையிலுள்ள புரதங்கள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. கொழுப்புப் பகுதி அதே வேகத்தில் சுருங்குவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு பொருள்கள் வேறு வேறு அளவில் நீளம் மாறினால் என்ன நடக்கும்? பட்டை வளையும். அறிவியல் கூடத்தில் ஈருலோகப் பட்டையைச் சூடாக்கியபோது பார்த்தது நினைவிருக்கிறதா? அங்கே இரண்டு உலோகங்களும் விரிவடைகின்றன. இங்கே இரண்டும் சுருங்குகின்றன. வளைவதற்கான காரணம் ஒன்றே: அளவு ஒத்துப்போகவில்லை.

வாணலியில் சூடு வருவது அடியிலிருந்து மட்டும். பட்டை வளைந்ததும் அதன் மேடுகள் இரும்பைத் தொடாமல் நிற்கும். பள்ளங்கள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். தொட்ட இடம் கருகும்போது தொடாத இடம் இன்னும் வேகாமல் வெளுத்திருக்கும். ஓவனில் அப்படியில்லை. சுற்றியுள்ள சூடான காற்று எல்லாப் பக்கமும் தொடுகிறது, மேலே கம்பி கதிர்வீச்சால் சூடேற்றுகிறது, கீழே தட்டு கடத்தலால் சூடேற்றுகிறது. பட்டை கொஞ்சம் வளைந்தாலும் பாதகமில்லை. வெப்பம் பரவும் மூன்று வழிகளும் ஒரே பெட்டிக்குள் வேலை செய்வதைப் பார்க்க இதைவிட வசதியான இடம் வீட்டில் இல்லை.

நீர் கேட்கும் விலை

பச்சைப் பேக்கன் 100 கிராமில் ஏறத்தாழ 40 கிராம் நீர். கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு. புரதம் 12, 13 கிராம். நன்றாக மொறுமொறுப்பானதும் மொத்த எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதில் நீர் நான்கு கிராம் அளவே மிஞ்சும்.

ஒரு குடும்பத்துக்கு 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் நீர் 80 கிராம். வெந்து முடித்தபின் 8 கிராம். ஆக, 72 கிராம் நீர் ஆவியாகிப் போக வேண்டும்.

நான்காம் படிவ இயற்பியலில் நீங்கள் ‘ஹாபா பெண்டாம் தெந்து’ என்று படிக்கும் தன் உள்ளுறை வெப்பம் இங்கேதான் வருகிறது. முதலில் 80 கிராம் நீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 ஜூல். 80 × 4.2 × 70 = 23,520 ஜூல். அடுத்து, 72 கிராமை ஆவியாக்க வேண்டும். ஒரு கிராமுக்கு 2,260 ஜூல். 72 × 2,260 = 1,62,720 ஜூல்.

இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். சூடாக்குவதற்கு ஆன செலவைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு, ஆவியாக்குவதற்கு ஆகிறது. இவ்வளவு வெப்பம் உள்ளே போகும் நேரம் முழுவதும், ஈரம் நிறைந்த இறைச்சியின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. கொடுத்த வெப்பமெல்லாம் நீர் மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுப்பதிலேயே செலவாகிவிடுகிறது. உள்ளுறை என்ற பெயர் பொருத்தமானது. வெப்பமானி அதைப் பார்ப்பதில்லை.

இப்போது ஒரு கேள்வி. வீட்டிலுள்ள சிறிய மேசை ஓவன் 1,500 வாட் என்றால், ஒரு விநாடிக்கு 1,500 ஜூல் தருகிறது. மேலே சொன்ன இரண்டையும் கூட்டினால் 1,86,240 ஜூல். வகுத்தால் 124 விநாடி. இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது. ஆனால் உண்மையில் 15 முதல் 20 நிமிடம் ஆகிறதே, ஏன்?

கம்பி தரும் வெப்பத்தில் பெரும் பகுதி ஓவனின் தகரச் சுவரையும் கண்ணாடிக் கதவையும் சூடாக்கப் போகிறது. அங்கிருந்து சமையலறைக்குக் கசிகிறது. அதோடு, காற்று வெப்பத்தைச் சுமந்து வந்து கொடுப்பதில் மிகவும் மெதுவானது. கொதிநீரில் விரல் பட்டால் உடனே சுட்டுவிடும். அதைவிட இரு மடங்கு சூடான ஓவனுக்குள்ளிருந்து தட்டை எடுக்கும்போது முகத்தில் படும் காற்றை ஓரிரு நொடி தாங்கிக்கொள்கிறோம். வெப்பநிலையும் வெப்பமும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பாட்டி கொடுத்த அதே விலை

ஓவன் நம் வீடுகளுக்குப் புதிது. ஆனால் இறைச்சியை உப்பிட்டு, நீர் நீக்கி, மொறுமொறுவென்று வறுப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. உப்புக்கண்டம் என்ற சொல்லை நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்டதில்லை என்றால் பாட்டியிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆட்டிறைச்சியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிரட்டி, நூலில் கோத்து, நாள் கணக்கில் வெயிலில் காயவைப்பார்கள். கல்போல இறுகியதும் பானையில் போட்டு வைத்துவிட்டால் பல வாரங்கள் கெடாது. வேண்டும்போது எடுத்துத் தட்டி, நல்லெண்ணெயில் வறுப்பார்கள். அல்லது தணலில் சுடுவார்கள். குளிர்பதனப் பெட்டியும் மின்சாரமும் எட்டாத காலத்தில் இறைச்சியைச் சேமிக்க அவர்களிடம் இருந்த வழி இது.

அறிவியல் கண்ணால் பார்த்தால் உப்புக்கண்டமும் பேக்கனும் உறவுக்காரர்கள். உப்புக்கண்டத்தில் நீரை வெளியேற்றும் வேலையைச் சூரியன் நாள் கணக்கில் செய்து முடித்துவிடுகிறது; அடுப்புக்கு வரும்போது மிச்சம் இருப்பது சில நிமிட வேலைதான். பேக்கனில் நீர் அப்படியே இருக்கிறது. அந்த முழு வேலையும் ஓவனின் தலையில் விழுகிறது.

வெயில் இலவசம்தானே, நீர் அங்கே மலிவாக வெளியேறுகிறதோ என்று நினைக்காதீர்கள். 30 டிகிரியில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 ஜூல் வேண்டும். கொதிநிலையில் ஆவதைவிடச் சற்றுக் கூடுதல். நீர் தன் விலையைக் குறைத்துக்கொள்வதே இல்லை. வெயில் அதைச் சிறு தவணைகளில் கட்டுகிறது, ஓவன் ஒரே மூச்சில் கட்டுகிறது.

அப்படியானால் செமினியில் கொல்லைப்புறத்தில் உப்புக்கண்டம் போடலாமா? நான் பரிந்துரைக்க மாட்டேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஏற்கெனவே நீரால் நிறைந்த காற்று, இறைச்சியிலிருந்து இன்னும் நீரை வாங்கிக்கொள்ளத் தயங்கும். காய்வதற்கு முன் கிருமிகள் முந்திக்கொள்ளும். தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் பங்குனி, சித்திரை வெயிலில் எளிதாக நடப்பது, நாள்தோறும் இடி மழை எட்டிப் பார்க்கும் உலு லங்காட் மாவட்டத்தில் அவ்வளவு எளிதாக நடக்காது.

ஓவனுக்குள் ஒரு பாலைவனம்

இங்கேதான் ஓவனின் உண்மையான திறமை தெரிகிறது. செமினியின் ஈரக் காற்றை ஓவனுக்குள் அடைத்து 200 டிகிரிக்குச் சூடாக்குகிறோம். அதிலுள்ள நீராவியின் அளவு மாறவில்லை. ஆனால் சூடான காற்று எவ்வளவு நீராவியைத் தாங்க முடியும் என்ற எல்லை பல நூறு மடங்கு உயர்ந்துவிடுகிறது. அதனால் 80 விழுக்காடாக இருந்த ஒப்பு ஈரப்பதம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே சரிந்துவிடும். மழை கொட்டும் மாலையிலும் அந்தப் பெட்டிக்குள் எந்தப் பாலைவனத்தையும்விட வறண்ட காற்று.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பேக்கனிலிருந்து வெளிவரும் 72 கிராம் நீர் எங்கே போகும்? நீர் நீராவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,670 மடங்கு ஆகிறது. 72 கிராம் நீர் 120 லிட்டர் நீராவி! மேசை ஓவனின் உள்ளளவு 30 லிட்டர் என்றால், நான்கு ஓவன்களை நிரப்பும் ஆவி. அது ஓவனின் இடுக்குகள் வழியே வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டில் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால், அடியில் பிறக்கும் நீராவி வெளியே வழி தெரியாமல் மேல் பட்டையிலேயே தங்கிவிடும். அப்போது கிடைப்பது அவித்த இறைச்சி, மொறுமொறுப்பு வராது. ஏர் ஃபிரையரில் விசிறி இந்த ஆவியை விரட்டிக்கொண்டே இருப்பதால்தான் வேலை விரைவாக முடிகிறது. அதற்குள் பட்டைகளை அடைத்துத் திணித்துவிட்டு ‘இந்த மிஷின் சரியில்லை’ என்று குறை சொல்பவர்கள் உண்டு.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். விளிம்பு உயர்ந்த தட்டில் பேக்கிங் தாளை விரியுங்கள். தாள் தட்டைவிடப் பெரிதாக இருந்தால் வெட்டிவிடுங்கள். அதன் ஓரம் மேல் கம்பியைத் தொட்டால் தீப்பிடிக்கும். பட்டைகளை ஒன்றையொன்று மூடாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஓவனை முன்கூட்டியே சூடாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குளிர்ந்த ஓவனில் வைத்துத் தொடங்கினால் கொழுப்பு மெல்ல உருகி வடிய நேரம் கிடைக்கும். பட்டையும் குறைவாகவே சுருளும். பெரிய ஓவனில் 200 டிகிரி. கம்பி மிக அருகில் இருக்கும் சிறிய மேசை ஓவனில் 180 டிகிரியே போதும் என்பது என் எண்ணம். பாதி நேரத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். எந்த ஓவனும் எல்லா மூலையிலும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. 12ஆம் நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியே பார்க்கத் தொடங்குங்கள்.

காவல்காரன் போனபின்

அந்தக் கடைசி நிமிடங்கள்தான் முக்கியம். நீர் இருக்கும்வரை இறைச்சி 100 டிகிரியைத் தாண்டாது என்று பார்த்தோம். நீர் ஒரு காவல்காரன்போல வெப்பநிலையைப் பிடித்து நிறுத்தியிருந்தது. பெரும்பாலான நீர் போனதும் காவல் நீங்குகிறது. பட்டையின் வெப்பநிலை விறுவிறுவென்று ஏறத் தொடங்குகிறது. 140 டிகிரியை நெருங்கும்போது அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பொன்னிறமும் நறுமணமும் பிறப்பது வேகம் பிடிக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மையார் 1912இல் விவரித்ததால் இதற்கு மையார் வினை என்று பெயர். ரொட்டியின் மேலோடு, வறுத்த காப்பிக்கொட்டை, நமக்குப் பக்கத்திலுள்ள காஜாங்கின் சாத்தே எல்லாம் மணப்பது இந்த வினையால்தான்.

மையார் வினைக்கும் கருகலுக்கும் இடையே நிற்க அதிக இடம் இல்லை. முதல் பத்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். நீங்கள் கைப்பேசியைப் பார்க்கப் போவீர்கள். திரும்பி வருவதற்குள் கருகியிருக்கும். ஓவன் திடீரென்று சூடாகிவிடவில்லை; காவல்காரன் போய்விட்டான்.

எப்போது எடுப்பது? ‘இன்னும் கொஞ்சம் துவண்டு இருக்கிறதே’ என்று தோன்றும்போதே எடுத்துவிடுங்கள். சூடான பேக்கன் வளையும். கம்பி வலை மேலோ டிஷ்யூ தாள் மேலோ இரண்டு நிமிடம் வைத்தால் உடையும். நீர் நீங்கிய புரதக் கூடு, சூடாக இருக்கும்போது ரப்பர்போல நெகிழ்ந்திருக்கிறது. ஆறும்போது கண்ணாடிபோல இறுகுகிறது. இதை அறிவியலில் கண்ணாடி நிலை என்றே அழைக்கிறார்கள். கண்ணாடி வளையாது, சட்டென்று முறியும், முறியும்போது ஒலி எழுப்பும். மொறுமொறு என்ற சொல்லே அந்த ஒலிதான். இந்தக் கூட்டுக்குள் நீர் மீண்டும் புகுந்தால் அது மூலக்கூறுகளுக்கிடையே மசகுபோல வேலை செய்து மறுபடி நெகிழ வைத்துவிடும். தமிழில் இதற்கு நமத்துப் போதல் என்று தனியாக ஒரு வினைச்சொல்லே இருப்பது எனக்குப் பிடித்த செய்தி.

வான்கோழி, கோழிப் பேக்கன்கள் இவ்வளவு மொறுமொறுப்பாக வருவதில்லை. அவற்றில் கொழுப்பு குறைவு, நீர் அதிகம். உருகிய கொழுப்பு வெறும் சுவைக்கு மட்டுமல்ல. பட்டையின் ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து வெப்பத்தைக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. அதனால் இவற்றின்மேல் மெல்லிதாக எண்ணெய் தடவி, சூட்டைச் சற்றுக் குறைத்து, கூடுதல் நேரம் கொடுங்கள். மாட்டுக் கொழுப்பு பன்றிக் கொழுப்பைவிடச் சற்று உயர்ந்த வெப்பநிலையில் உருகும். ஆறினால் அண்ணத்தில் ஒட்டும். அதைச் சூடாகவே சாப்பிட வேண்டும்.

அந்த இளஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது?

வெந்த ஆட்டிறைச்சி பழுப்பாகிறது. பேக்கன் மட்டும் வெந்தபின்னும் ஏன் சிவந்தே இருக்கிறது? பொட்டலத்தின் பின்புறம் சோடியம் நைட்ரைட் என்று எழுதியிருக்கும். நைட்ரைட்டிலிருந்து உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு, தசையிலுள்ள மையோகுளோபினுடன் சேர்ந்து அந்த நிறத்தைத் தருகிறது. நிறத்துக்காக மட்டும் அதைச் சேர்ப்பதில்லை.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் என்ற சிற்றூரில், ஓர் இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக் குழுவினர் உப்பிட்ட பன்றித் தொடை இறைச்சியைச் சாப்பிட்டார்கள். பார்வை மங்கியது, விழுங்க முடியவில்லை, தசைகள் செயலிழந்தன. மூன்று பேர் இறந்தார்கள். கெண்ட் நகரப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் மிஞ்சிய இறைச்சியை ஆராய்ந்து, காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். லத்தீனில் ‘பாட்டுலஸ்’ என்றால் தொத்திறைச்சி. இந்த நோய் அதற்கு முன்பே ஜெர்மனியில் தொத்திறைச்சி நஞ்சு என்ற பெயரில் அச்சமூட்டியிருந்தது.

உப்புக்கண்டத்தில் இந்தப் பாக்டீரியாவுக்கு வாழத் தேவையான நீர் இல்லை. பேக்கனிலோ 40 விழுக்காடு நீர். அதையும் காற்று நீக்கிய பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்கிறோம். ஈரம் உண்டு, காற்று இல்லை: அதற்குப் பிடித்த வீடு. அதைத் தடுக்கத்தான் நைட்ரைட்டும், உப்பும், குளிர்ப்பெட்டியும். நீரை வெளியேற்றாமல் வைத்திருப்பதற்குக் கொடுக்கும் விலை இது என்றும் சொல்லலாம்.

இந்த விலையிலும் ஒரு சிக்கல் உண்டு. அதிகச் சூட்டில் நைட்ரைட் புரதச் சிதைவுகளுடன் சேர்ந்து நைட்ரோசமின்கள் என்ற பொருள்களை உருவாக்கலாம். இவற்றில் பல புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. 1970களில் வறுத்த பேக்கனில் இவை கண்டறியப்பட்டபின், அமெரிக்காவில் பேக்கனில் சேர்க்கும் நைட்ரைட்டின் அளவு பத்து லட்சத்தில் 120 பங்காகக் குறைக்கப்பட்டது. கூடவே வைட்டமின் சி வகைப் பொருள் சேர்ப்பதும் கட்டாயமானது. நைட்ரைட் தவறான வினையில் இறங்காமல் அது தடுக்கிறது. ‘நைட்ரைட் சேர்க்கப்படவில்லை’ என்று எழுதிய சில பொட்டலங்களில் செலரிக் கீரைப் பொடி இருக்கும். அந்தக் கீரையில் இயற்கையாகவே நைட்ரேட் நிறைய உண்டு. பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றிவிடும். பெயர் மாறினாலும் வேதியியல் மாறவில்லை. நைட்ரைட் வாங்கி வீட்டிலேயே இறைச்சியைப் பதப்படுத்திப் பார்க்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் விட்டுவிடுங்கள். அளவு சற்றுத் தவறினாலும் அது நஞ்சு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியை 2015 அக்டோபரில் முதல் பிரிவில் சேர்த்தது. சிகரெட்டும் அதே பிரிவில் இருப்பதால், இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பலர் எழுதினார்கள். அது தவறான வாசிப்பு. அந்தப் பிரிவு சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. அளவு பற்றிய எண் வேறு: நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடும். நூறு பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், 18 விழுக்காடு கூடினால் 23 ஆகாது. ஏறத்தாழ 6 ஆகும். 5இல் 18 விழுக்காடு 0.9தானே. சிறிய எண்தான், ஆனால் ஒரு நாடு முழுவதும் சாப்பிட்டால் சிறிய எண் அல்ல. வெந்த மெல்லிய பட்டை ஒன்று 8 முதல் 10 கிராம். ஐந்தாறு பட்டைகள் 50 கிராம் ஆகிவிடும். எப்போதாவது ஒரு ஞாயிறு காலை என்பதும் தினமும் பள்ளிக்குப் போகுமுன் என்பதும் ஒன்றல்ல. கருகிய பட்டையை யாரும் சாப்பிட வேண்டியதில்லை.

தட்டில் மிஞ்சும் கொழுப்பு

தட்டில் தேங்கிய கொழுப்பு தீப்பிடித்தால் ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் விடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் கொழுப்பைவிட அடர்த்தியானது. அடியில் போய் ஒரே நொடியில் 1,670 மடங்கு விரிந்து, எரியும் கொழுப்பைச் சமையலறை முழுவதும் வீசிவிடும். வாணலியில் ‘பட் பட்’ என்று தெறிப்பதும் இதே நிகழ்ச்சியின் சிறிய வடிவம்.

சூடான கொழுப்பைக் கைகழுவும் தொட்டியிலும் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் ஆறிக் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஒரு தகர டின்னில் ஊற்றி, உறைந்ததும் குப்பையில் போடுங்கள். அதற்கு முன் எடை பார்த்துவிடுங்கள். நமக்கு அது வேண்டும்.

ஏனென்றால் இப்போது உங்கள் முறை. ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். பச்சைப் பட்டைகளை எடை பாருங்கள். வெறும் தட்டையும் தாளையும் தனியாக எடை பாருங்கள். வெந்தபின், டிஷ்யூ தாளில் ஒற்றுவதற்கு முன்பே பட்டைகளை எடை பாருங்கள். பிறகு கொழுப்போடு தட்டை எடை பாருங்கள். எடுத்துக்காட்டாக 100 கிராம் பச்சை, 35 கிராம் வெந்தது, தட்டில் 26 கிராம் கொழுப்பு என்றால், காணாமல் போன 39 கிராம்தான் ஏறத்தாழ வெளியேறிய நீர். 2,260ஆல் பெருக்கினால் அது கேட்ட விலை ஜூலில் வந்துவிடும். ஓவன் சுவரில் தெறித்த கொழுப்பும் நீரின் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். உங்கள் விடை உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

இறைச்சி உண்ணாத வீடுகளில் பத்து அப்பளங்களை எண்ணெய் இல்லாமல் சுட்டு எடை பாருங்கள். ஐந்தைக் காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். ஐந்தைத் திறந்த தட்டில் விடுங்கள். மறுநாள் இரண்டையும் தனித்தனியே எடை பார்த்து, எது எத்தனை கிராம் கூடியது என்று நாள், நேரம், வானிலையோடு குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்த நாளிலும் வெயிலடித்த நாளிலும் ஒருமுறை செய்யுங்கள். பிறகு நமத்துப்போன ஐந்தையும் ஓவனில் 150 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மீண்டும் தராசில் ஏற்றுங்கள்.